டுஷேன் தசைச்சிதைவு நோய்: பெயர் தந்த மருத்துவரின் வாழ்வும் தசையிழையின் அயனி வாயில்களும்

உங்கள் பிள்ளையின் மருத்துவக் குறிப்பேட்டில் டுஷேன் தசைச்சிதைவு நோய் என எழுதப்பட்டிருந்தால், அந்தப் பெயர் யாருடையது என்ற ஐயம் உங்களுக்கு எழுந்திருக்கக்கூடும். அது 19ஆம் நூற்றாண்டில் பிரான்சு நாட்டில் வாழ்ந்த ஒரு மருத்துவரின் பெயர். அவருடைய வாழ்வை அறிந்துகொண்டால் இந்நோயில் தசைக்குள் என்ன நிகழ்கிறது என்பது உங்களுக்கு எளிதில் விளங்கும். எந்த எச்சரிக்கைகளைக் கட்டாயம் பின்பற்ற வேண்டும், எந்த அச்சங்கள் தேவையற்றவை என்பதும் தெளிவாகும். அந்நோக்கத்துடனே இப்பக்கம் எழுதப்பட்டுள்ளது.

கடலோர நகரின் மருத்துவர்

கியோம் டுஷேன் 1806ஆம் ஆண்டு செப்டம்பர் 17ஆம் நாள் பிரான்சின் வடகரையில் உள்ள புலோன் என்னும் துறைமுக நகரில் பிறந்தார். அவருடைய முன்னோர் கடலோடிகள். மகனும் கடல் தொழிலுக்கே வரவேண்டும் எனத் தந்தை விரும்பினார். மகனுடைய மனமோ அறிவியலை நாடியது. பாரிசு நகரில் மருத்துவம் பயின்று 1831இல் பட்டம் பெற்ற அவர், பிறந்த ஊருக்கே திரும்பிப் பொது மருத்துவராகப் பணியைத் தொடங்கினார்.

இரண்டு ஆண்டுகளுக்குள் அவருடைய இல்வாழ்வு சிதைந்தது. 1833இல் ஆண் குழந்தை பிறந்த சில நாள்களில் மனைவி பேறுகாலக் காய்ச்சலால் இறந்தார். பேறுகாலக் காய்ச்சல் நோய்க்கிருமிகளால் வருவது என்பதை மருத்துவ உலகம் அறிந்திராத காலம் அது. பிரசவத்தின்போது உடனிருந்து கவனித்தவர் டுஷேனே ஆதலால், இறப்புக்கு அவரே காரணம் என மனைவியின் குடும்பத்தார் பழி சுமத்தினர். குழந்தையையும் அவரிடமிருந்து பிரித்து வளர்த்தனர். தந்தையும் மகனும் மீண்டும் ஒன்றுசேர ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின.

இச்செய்தியை இங்கே குறிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. நோய் வந்த வீட்டில் யாரேனும் ஒருவர்மீது பழி விழுவது இன்றும் நாம் காண்பது. டுஷேன் தசைச்சிதைவு நோயில் அப்பழி பெரும்பாலும் தாயின்மீது விழுகிறது. அது எவ்வளவு தவறானது என்பதைக் கீழே காண்போம்.

மின்பெட்டியுடன் நடந்தவர்

தனிமையில் வாழ்ந்த டுஷேனின் கவனம் 1835 முதல் மின்சாரத்தின்மீது திரும்பியது. தசைக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை இத்தாலிய அறிஞர் கால்வானி தவளைக் கால்களைக் கொண்டு 1791இலேயே வெளியிட்டிருந்தார். டுஷேன் காலத்து மருத்துவர்கள் சிலர் உடலுக்குள் ஊசி செருகி மின்சாரம் செலுத்தி வந்தனர். அம்முறையைக் கையாண்டு பார்த்த டுஷேன், தோலின்மீது ஈரமான மின்முனைகளை வைத்தாலே ஊசியின்றிக் குறிப்பிட்ட ஒரு தசையை மட்டும் சுருங்கச் செய்யலாம் எனக் கண்டறிந்தார். இதற்கு, ஃபாரடே 1831இல் கண்டறிந்த மின்தூண்டல் கொள்கையின்படி இயங்கும் சிறு கருவி அவருக்குப் பயன்பட்டது.

1842இல் அவர் பாரிசுக்குக் குடிபெயர்ந்தார். அங்கே அவருக்கு எந்த மருத்துவமனையிலும் பதவி கிடைக்கவில்லை. பல்கலைக்கழக இருக்கையும் இல்லை. தம் மின்பெட்டியைச் சுமந்துகொண்டு மருத்துவமனை மருத்துவமனையாகச் சென்று, நோயாளிகளின் படுக்கையருகே அமர்ந்து ஒவ்வொரு தசையாகத் தூண்டிப் பார்த்துக் குறிப்பெடுத்தார். நாட்டுப்புறத்து மருத்துவர் என எள்ளியவர்கள் இருந்தனர். அவரோ நோயாளி வேறு மருத்துவமனைக்கு மாற்றப்பட்டால் அங்கும் தேடிச் சென்று, அதே நோயாளியை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்தார். ஒரு நோய் எங்கே தொடங்கி, எவ்வழியே சென்று, எங்கே முடிகிறது என்பதை அவரால் எழுத முடிந்தது இந்தப் பொறுமையால்தான். சால்பெத்ரியேர் மருத்துவமனையில் பணியாற்றிய புகழ்பெற்ற நரம்பியல் அறிஞர் ஷார்கோ அவரைத் தம் ஆசானாகவே மதித்தார்.

தம் மின்தூண்டல் முறையை விளக்கும் பெருநூலை டுஷேன் 1855இல் வெளியிட்டார். முகத் தசைகளைத் தூண்டி அவர் எடுத்த ஒளிப்படங்கள் 1862இல் நூலாயின. அவற்றுள் சிலவற்றைச் சார்லசு டார்வின் உணர்ச்சி வெளிப்பாடு பற்றிய தம் 1872ஆம் ஆண்டு நூலில் எடுத்தாண்டார். உடலின் ஒவ்வொரு தசையும் எவ்வசைவுக்குப் பொறுப்பு என்பதை விளக்கும் நூல் 1867இல் வந்தது.

பருத்த கெண்டைக்கால், வலுவிழந்த சிறுவன்

1861இல் வெளிவந்த மறுபதிப்பில் டுஷேன் ஒரு சிறுவனைப் பற்றி எழுதினார். அவனுடைய கெண்டைக்கால்கள் மல்லனுடையவை போலப் பருத்திருந்தன. ஆயினும் அவனால் நடக்க இயலவில்லை. நோயின் வேர் மூளையில் உள்ளது என்றே டுஷேன் அப்போது கருதினார். பின்னர் மேலும் பல சிறுவர்களைக் கண்டார். அவர்களைத் தொடர்ந்து கவனித்துத் தம் முந்தைய கருத்தைக் கைவிட்டு, நோய் தசையிலேயே உள்ளது என்ற முடிவுக்கு வந்தார். 1868இல் 13 நோயாளிகளின் வரலாற்றைத் தொகுத்து விரிவான கட்டுரை ஒன்றை வெளியிட்டார்.

இம்முடிவுக்கு அவரைக் கொண்டுவந்தது அவரே வடிவமைத்த ஒரு சிறு ஊசிக் கருவி. அதைக் கொண்டு உயிருள்ள நோயாளியின் தசையிலிருந்து துணுக்கு எடுத்து நுண்ணோக்கியில் ஆராய்ந்தார். இன்று நீங்கள் கேள்விப்படும் தசைத் திசு ஆய்வின் முன்னோடி அதுவே. பருத்த கெண்டைக்காலில் தசை வளர்ந்திருக்கவில்லை. தசையிழைகள் அழிந்த இடத்தில் கொழுப்பும் நார்த்திசுவும் நிறைந்திருந்தன. உங்கள் பிள்ளையின் கெண்டைக்கால் பெரிதாக இருப்பதைப் பார்த்து உறவினர் வலிமை என எண்ணலாம். அது வலிமையின் அடையாளம் அன்று என்பதை டுஷேன் அன்றே நிறுவினார்.

இந்நோயை முதன்முதலில் கண்டவர் டுஷேன் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். இங்கிலாந்து மருத்துவர் எட்வர்டு மெரியன் 1852இலேயே, ஒரே குடும்பத்துச் சகோதரர்களுக்கு வந்த இந்நோயைப் பற்றி எழுதியிருந்தார். தசையிழையைச் சூழ்ந்துள்ள மெல்லிய உறை சிதைந்திருப்பதையும் அவர் குறிப்பிட்டார். அக்குறிப்பின் பொருள் விளங்க நூறு ஆண்டுகளுக்கும் மேல் ஆனது.

தசையிழையின் வாயில்கள்

டுஷேன் வெளியிலிருந்து மின்சாரத்தைச் செலுத்தித் தசையைச் சுருங்க வைத்தார். நம் உடலோ தன் மின்சாரத்தைத் தானே உண்டாக்குகிறது. சோடியம், பொட்டாசியம், கால்சியம், குளோரைடு ஆகியவை நம் உடல் நீரில் மின்னூட்டம் பெற்ற துகள்களாக உள்ளன. இவற்றுக்கு அயனிகள் என்று பெயர். தசையிழையின் உறையில் இவ்வயனிகள் சென்றுவர மிக நுண்ணிய புரத வாயில்கள் உள்ளன. அவையே அயனி வாயில்கள். டுஷேன் காலத்தில் இவற்றை யாரும் அறிந்திலர். ஒற்றை வாயில் திறந்து மூடுவதை நேர் மற்றும் சாக்மன் என்னும் செருமானிய அறிஞர்கள் 1976இல் அளந்து காட்டினர். அதற்காக 1991இல் அவர்களுக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது.

உங்கள் பிள்ளை கையை உயர்த்தும்போது நிகழ்வது இதுதான். நரம்பின் முனையிலிருந்து அசிட்டைல்கோலின் என்னும் பொருள் வெளிப்பட்டு, தசையுறையில் உள்ள வாயில்களைத் திறக்கிறது. சோடியம் உள்ளே பாய, மின் அலை ஒன்று இழை முழுவதும் பரவுகிறது. அந்த அலை, இழைக்குள் உள்ள கால்சியச் சேமிப்பறையின் வாயில்களைத் திறக்கச் செய்கிறது. வெளிப்படும் கால்சியத்தால் தசை சுருங்குகிறது. உடனே கால்சியம் மீண்டும் சேமிப்பறைக்குள் இறைத்து ஏற்றப்பட, தசை தளர்கிறது.

இதில் கால்சியத்தின் அளவே முதன்மையானது. ஓய்விலிருக்கும் தசையிழைக்கு வெளியே கால்சியத்தின் செறிவு உள்ளே இருப்பதைப் போல ஏறத்தாழ 10,000 மடங்கு. அணைக்கு ஒரு பக்கம் வெள்ளமும் மறுபக்கம் ஈரமண்ணும் இருப்பதற்கு இது ஒப்பாகும். அணை உறுதியாக இருக்கும்வரை மதகு வழியே வேண்டிய அளவே நீர் வரும்.

டுஷேன் நோயில் எது இல்லாமற்போகிறது?

தசையிழையின் உறைக்கு உட்புறத்தில் டிஸ்ட்ரோபின் என்னும் புரதம் உண்டு. சுருங்கி விரியும் தசையின் இழுவிசையை அது தாங்கி உறையைக் காக்கிறது. இப்புரதத்துக்குரிய மரபணு 1986இலும் புரதம் 1987இலும் கண்டறியப்பட்டன. டுஷேன் நோயில் இப்புரதம் ஏறக்குறைய முழுவதுமாக இல்லை.

டிஸ்ட்ரோபின் இல்லாத உறை ஒவ்வோர் இழுப்பிலும் கீறல் அடைகிறது. கீறல்கள் வழியே கால்சியம் உட்புகுகிறது. அத்துடன், இழுவிசைக்கு ஏற்பத் திறக்கும் அயனி வாயில்களும் அளவுக்கு மீறித் திறந்திருப்பதாகவும், சேமிப்பறையின் வாயில்களிலும் கசிவு உண்டாவதாகவும் ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வாறு மிகுந்த கால்சியம், புரதங்களைச் செரிக்கும் நொதிகளைத் தூண்டிவிடுகிறது. உயிரணுவின் ஆற்றல் நிலையங்களாகிய மைட்டோகாண்டிரியாவையும் பழுதாக்குகிறது. இழை அழிகிறது. உடல் புதிய இழைகளை உண்டாக்கி ஈடுசெய்ய முயல்கிறது. ஆண்டுகள் செல்லச் செல்ல அந்த ஆற்றல் குன்றி, அவ்விடத்தைக் கொழுப்பும் நாரும் நிரப்புகின்றன. டுஷேன் தம் நுண்ணோக்கியில் கண்டது இதன் இறுதி நிலையையே.

கீறல் வழியே பொருள்கள் உள்ளே செல்வதுபோல வெளியேயும் வருகின்றன. தசையில் இருக்கவேண்டிய கிரியேட்டின் கைனேஸ் என்னும் நொதி குருதியில் பன்மடங்கு மிகுந்து காணப்படுவது அதனாலேயே. மருத்துவர் முதலில் அக்குருதிப் பரிசோதனையைக் கேட்பதன் காரணமும் அதுவே.

நீங்கள் அறிய வேண்டியவை

கால்சியம் மாத்திரையை நிறுத்தாதீர்கள். தசைக்குள் கால்சியம் மிகுவதால் நோய் வளர்கிறது எனப் படித்த பெற்றோர் சிலர், பாலையும் கால்சியம் மாத்திரையையும் நிறுத்திவிடுகின்றனர். இது தவறு. உணவிலிருந்து வரும் கால்சியம் தசைக்குள் புகும் அளவைத் தீர்மானிப்பதில்லை. குருதியின் கால்சிய அளவை உடலே கட்டுக்குள் வைத்துள்ளது. பழுது தசையின் உறையில் உள்ளது. ஸ்டீராய்டு எடுக்கும் பிள்ளைக்கும், நடமாட்டம் குறைந்த பிள்ளைக்கும் எலும்பு மெலிகிறது. ஆகவே மருத்துவர் பரிந்துரைத்த கால்சியத்தையும் வைட்டமின் டியையும் தவறாமல் கொடுங்கள்.

கால்சிய வாயில்களை அடைக்கும் மருந்துகளைத் தாமாகத் தராதீர்கள். உயர் குருதி அழுத்தத்துக்குத் தரப்படும் அத்தகைய மருந்துகள் இந்நோயில் முயன்று பார்க்கப்பட்டன. தசை வலிமையில் பயன் காணப்படவில்லை.

மயக்க மருந்து பற்றிய எச்சரிக்கை உயிர் காக்கும். அறுவை சிகிச்சையின்போது தசையைத் தளர்த்தத் தரப்படும் சக்சினில்கோலின் என்னும் மருந்து, அசிட்டைல்கோலின் வாயில்களைத் திறந்த நிலையில் வைத்துவிடுகிறது. டுஷேன் நோயுள்ள தசையிலிருந்து பொட்டாசியம் திடீரெனப் பெருமளவில் குருதியில் கலந்து இதயம் நின்றுபோகக்கூடும். மூச்சுவழி தரப்படும் மயக்க வளிமங்களையும் தவிர்க்க வேண்டும். பாதுகாப்பான மாற்று முறைகள் உள்ளன. பல் சிகிச்சையாயினும், எலும்பு முறிவாயினும், நோயின் பெயரை முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்கள். அதை ஓர் அட்டையில் எழுதிப் பிள்ளையின் பையில் வைத்திருங்கள்.

உடற்பயிற்சியில் அளவு வேண்டும். தசை நீண்டுகொண்டே சுமை தாங்கும்போது உறை மிகுதியாகக் கீறுகிறது. படியிறங்குதல், சரிவில் இறங்குதல், எடை தூக்குதல் ஆகியவற்றைக் குறைத்துக்கொள்ளுங்கள். நீச்சல் போன்ற மென்மையான பயிற்சி ஏற்றது. மூட்டுகள் இறுகாமல் இருக்க இயன்முறை மருத்துவர் கற்றுத்தரும் நீட்டல் பயிற்சிகளை நாள்தோறும் செய்யுங்கள். பயிற்சிக்குப் பின் தசைவலி நீடித்தாலோ சிறுநீர் பழுப்பு நிறமானாலோ உடனே மருத்துவரை அணுகுங்கள்.

ஸ்டீராய்டைத் திடீரென நிறுத்தாதீர்கள். பிரெட்னிசோலோன், டெஃப்லசகார்ட் ஆகியவை நோயை முற்றிலும் குணப்படுத்துவதில்லை. ஆயினும் நடக்கும் காலத்தை நீட்டிக்கின்றன. உடல் எடை கூடுதல் முதலிய பக்கவிளைவுகளைப் பற்றி மருத்துவரிடம் பேசுங்கள். நீண்டநாள் எடுத்த ஸ்டீராய்டை ஒரேயடியாக நிறுத்துவது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இதயத்தையும் மூச்சையும் கவனியுங்கள். இதயமும் உதரவிதானமும் தசைகளே. அறிகுறி இல்லாவிடினும் ஆண்டுதோறும் எக்கோ பரிசோதனை தேவை. காலையில் தலைவலி, பகலில் தூக்கக் கலக்கம், இருமும் வலிமை குறைதல் ஆகியவை மூச்சுத்தசை தளர்வதன் அடையாளங்கள்.

மின்சிகிச்சை, குருத்தணு சிகிச்சை விளம்பரங்களை நம்பிக் கடன்படாதீர்கள். தொடக்க நிலையில் மின்தூண்டல் பயன்தரும் என டுஷேனே நம்பினார். பின்வந்த மருத்துவ அனுபவம் அதை உறுதிப்படுத்தவில்லை. இந்நோய்க்குக் குருத்தணுச் சிகிச்சை ஏற்கப்பட்ட மருத்துவமாக இந்தியாவில் அங்கீகரிக்கப்படவில்லை. மரபணுக் குறையின் வகைக்கேற்பச் சில புதிய மருந்துகள் வந்துள்ளன. உங்கள் பிள்ளைக்கு அவை பொருந்துமா என்பதை நரம்பியல் வல்லுநரே சொல்ல இயலும்.

தாயின் குற்றம் அன்று

ஏறத்தாழ 5,000 ஆண் குழந்தைகளில் ஒருவருக்கு இந்நோய் வருகிறது. டிஸ்ட்ரோபின் மரபணு எக்ஸ் குரோமோசோமில் உள்ளது. ஆண் பிள்ளைக்கு ஒரே ஓர் எக்ஸ் குரோமோசோம். அது தாயிடமிருந்து வருவது. இதைக் கேட்டவுடன் தாயைக் குறை கூறும் குடும்பங்கள் உண்டு. ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு பிள்ளைகளுக்கு இம்மரபணு மாற்றம் புதிதாகத் தோன்றியது. அவர்களின் தாயாரிடம் அது இல்லவே இல்லை. இருக்கும் தாயாரும் அதை அறிந்து கொடுத்தவர் அல்லர். கருவுற்றிருந்தபோது உண்டதோ, செய்ததோ, செய்யாததோ இந்நோய்க்குக் காரணம் ஆகாது.

தாய்க்கும் சகோதரிகளுக்கும் மரபணுப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுவது பழி கண்டறிவதற்காக அன்று. அடுத்த கருவுறுதலைத் திட்டமிடவும், மரபணு மாற்றத்தைச் சுமக்கும் பெண்களின் இதயத்தை அவ்வப்போது பரிசோதிக்கவும் அது உதவுகிறது. பரிசோதனைக்கு முன்னும் பின்னும் மரபியல் ஆலோசனை பெறுங்கள்.

டுஷேனின் இறுதி ஆண்டுகள்

பிரிக்கப்பட்ட மகன் எமில், வளர்ந்து மருத்துவம் பயின்று, 1862 அளவில் தந்தையிடம் வந்து சேர்ந்தார். இருவரும் நரம்பியலில் உடன் உழைத்தனர். அந்த மகிழ்ச்சி நீடிக்கவில்லை. சில ஆண்டுகளிலேயே மகன் நோயுற்று இறந்தார். அதன்பின் டுஷேனின் உடலும் தளர்ந்தது. 1875ஆம் ஆண்டு செப்டம்பர் 15ஆம் நாள், தம் 69ஆவது பிறந்தநாளுக்கு இரண்டு நாள் முன்னர், மூளைக் குருதிக்கசிவால் பாரிசில் காலமானார்.

அவரிடம் இந்நோய்க்கு மருந்து இருந்ததில்லை. கூர்ந்து கவனிப்பது, ஒரே நோயாளியைப் பல்லாண்டுகள் தொடர்வது, தவறெனக் கண்ட கருத்தை மாற்றிக்கொள்வது ஆகியவையே அவருடைய கருவிகள். இன்று இந்நோயுள்ளோர் பலர் முறையான ஸ்டீராய்டு, இதயப் பராமரிப்பு, மூச்சுக்கருவி ஆகியவற்றின் துணையால் முப்பது வயதைக் கடந்தும் வாழ்கின்றனர். டுஷேன் கண்ட சிறுவர்களுக்கு அந்த வாய்ப்பு இருந்ததில்லை.

அடுத்து நீங்கள் செய்ய வேண்டியவை

• மூன்று, நான்கு வயது ஆண் குழந்தை அடிக்கடி விழுந்தாலோ, படியேறத் திணறினாலோ, தரையிலிருந்து எழும்போது தன் தொடையைக் கைகளால் ஊன்றி ஏறி எழுந்தாலோ, வளர்ந்தால் சரியாகிவிடும் எனக் காத்திராதீர்கள். கிரியேட்டின் கைனேஸ் பரிசோதனை செய்யுங்கள்.

• அருகிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் குழந்தைகள் நலப் பிரிவையோ நரம்பியல் பிரிவையோ அணுகுங்கள். முந்தைய பரிசோதனை முடிவுகளை ஒரே கோப்பில் தேதி வரிசையில் வைத்திருங்கள்.

• மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 தசைச்சிதைவு நோயைப் பட்டியலிட்டுள்ளது. அடையாள அட்டைக்கும் உதவித்தொகை விவரங்களுக்கும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தை அணுகுங்கள்.

• பிள்ளையின் பள்ளிப் படிப்பை நிறுத்தாதீர்கள். வகுப்பறையைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தருமாறு தலைமை ஆசிரியரிடம் கேளுங்கள்.

• தூக்கி, குளிப்பாட்டி, இரவில் புரட்டிப் படுக்கவைக்கும் நீங்களும் களைப்படைவீர்கள். உங்கள் முதுகுவலியையும் மனச்சோர்வையும் மருத்துவரிடம் சொல்லத் தயங்காதீர்கள்.

இப்பக்கத்தில் உள்ளவை பொதுவான விளக்கங்களே. உங்கள் பிள்ளைக்குரிய மருந்தையும் அளவையும் அவனை நேரில் பரிசோதிக்கும் மருத்துவரே முடிவு செய்வார்.